கணப்பைச் சுற்றி எழுந்த வீடு

விக்டோரியா மகாராணி ஆட்சியில் இருந்த 1837 முதல் 1901 வரையிலான காலத்தில் இங்கிலாந்தின் கிராமங்களில் கட்டப்பட்ட குடும்ப வீட்டைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்ளலாம். செங்குத்தாகச் சரியும் கூரை, முகப்பில் முக்கோணச் சுவர், சுவரைவிட்டு வெளியே பிதுங்கி நிற்கும் சன்னல், முகட்டுக்கு மேல் வரிசையாகப் புகைபோக்கிகள். ஊர்ப் பாதிரியார், மருத்துவர், ஓரளவு நிலபுலம் உள்ள விவசாயி போன்றோரின் பெரிய குடும்பங்கள் இவற்றில் வாழ்ந்தன. அதே வீடு கடல் கடந்து வந்து நீலகிரியில் வேர்விட்டது. உதகை, குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் இன்றும் அதைக் காணலாம். சில பள்ளிகளாகவும் சில விடுதிகளாகவும் மாறிவிட்டன. சிலவற்றில் இப்போதும் குடும்பங்கள் வாழ்கின்றன.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு வந்தார். 1822இல் உதகையில் அவர் கட்டத் தொடங்கிய வீட்டை ஊர்மக்கள் கல் பங்களா என்றார்கள். அது இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் மேய்ச்சல் நிலமாக இருந்த உதகையில் எழுந்த முதல் ஐரோப்பிய வீடு அதுதான். அதற்குப் பிறகு கட்டுமானம் வேகம் பிடித்ததற்குக் காரணம் போக்குவரத்து. 1873இல் ரயில் மேட்டுப்பாளையம் வரை வந்தது. 1899இல் மலை ரயில் குன்னூரைத் தொட்டது. 1908இல் உதகையை எட்டியது. சென்னை அரசாங்கமே கோடை மாதங்களில் மலையேறும் வழக்கமும் நிலைபெற்றது. அதிகாரிகளும் தேயிலை, காப்பித் தோட்ட முதலாளிகளும் தங்கள் பிள்ளைப் பருவத்தில் பார்த்த வீட்டை இங்கே கட்டச் சொன்னார்கள். அதைக் கட்டிக்கொடுத்தவர்கள் சமவெளியிலிருந்து ஏறிவந்த கொத்தனார்களும் தச்சர்களும். அவர்கள் பெயர்கள் எந்தக் கட்டடத்தின் முகப்பிலும் இல்லை.

முகப்பு அலங்காரத்தை வைத்து இந்த வீட்டைப் புரிந்துகொள்ள முடியாது. குளிர், ஈரம் இரண்டையும் சமாளிக்க அமைத்த ஒரு பொறியாக அதைப் பார்க்க வேண்டும். உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலையில் புல்வெளியில் உறைபனி படியும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நனைக்கும் ஊர் அது. வாரக்கணக்கில் துணி உலராத காலமும் உண்டு.

இந்தக் குளிருக்கு மலைவாழ் மக்கள் வேறொரு விடை கண்டிருந்தார்கள். தோடர்களின் பாரம்பரிய வீடு பிரம்பும் மூங்கிலும் புல்லும் கொண்டு வளைத்துக் கட்டியது. தவழ்ந்து நுழையும் அளவுக்குத்தான் அதன் வாசல் இருக்கும். சன்னலும் இல்லை, புகைபோக்கியும் இல்லை. உள்ளே எரியும் அடுப்பின் புகை மெல்ல மெல்லப் புல் வேய்ந்த கூரையின் வழியே கசிந்து வெளியேறும். போகிற போக்கில் கூரையில் பூச்சி தங்காமலும் பார்த்துக்கொள்ளும். வெப்பத்தை வீணாக்காமல் காப்பதில் இந்தச் சிறு வீட்டுக்கு அருகில்கூட ஆங்கிலேயரின் பங்களா வர முடியாது. ஆனால் பங்களாக்காரர்களுக்கு உயரமான அறையும் வெளிச்சமும் புகையில்லாத காற்றும் ஒருசேர வேண்டியிருந்தன. அதற்கு அவர்கள் நம்பியது கணப்பு.

கணப்பு என்பது சுவரில் பதித்த திறந்த அடுப்பு. எரிமேடை, அதன் பின்சுவர், இருபக்கச் சுவர்கள், மேலே குறுகும் தொண்டை, அதற்கும் மேலே கூரையைத் தாண்டி உயரும் புகைபோக்கி என்று அதற்குப் பல உறுப்புகள். இதில் புகைபோக்கி வேலை செய்யும் விதம் கவனிக்கத்தக்கது. காற்று சூடானால் விரிகிறது, விரிந்தால் எடை குறைகிறது. உதகையில் 10 டிகிரி செல்சியஸ் குளிரில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 950 கிராம். புகைபோக்கிக்குள் அது 150 டிகிரிக்குச் சூடாகும்போது சுமார் 640 கிராம்தான். வெளியே நிற்கும் கனத்த காற்று உள்ளே இருக்கும் இலேசான காற்றைக் கீழிருந்து நெட்டித் தள்ளுகிறது. புகை மேலே ஏறுகிறது. எடை வேறுபாடும் புகைபோக்கியின் உயரமும் கூடக்கூட இந்த இழுப்பும் கூடும். மலையில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் முக்கால் பங்கு அளவுதான் என்பதால், அதே உயரப் புகைபோக்கிக்கு உதகையில் இழுப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. குட்டையான புகைபோக்கி இங்கே அறைக்குள்ளேயே புகையைக் கக்கும்.

பழைய கணப்புகள் ஆழமாகவும் சதுரமாகவும் இருந்தன. ஆள் நுழையும் அளவுக்குத் தொண்டை அகன்றிருந்ததால் நெருப்பின் சூட்டோடு அறையின் வெதுவெதுப்பையும் சேர்த்து அவை உறிஞ்சிவிடும். அமெரிக்காவில் பிறந்து ஐரோப்பாவில் புகழ்பெற்ற விஞ்ஞானி ரம்ஃபோர்டு பிரபு, 1796இல் எழுதிய கட்டுரையில் இதற்குத் தீர்வு சொன்னார். கணப்பின் ஆழத்தைக் குறை; பின்சுவரின் அகலத்தை முன்வாயின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்காக வை; பக்கச் சுவர்களை வெளிநோக்கிச் சாய்; தொண்டையை நான்கு அங்குலத்துக்கு இறுக்கு. சாய்ந்த சுவர்கள் நெருப்பின் வெப்பக் கதிர்களை அறையின் பக்கம் திருப்பிவிட்டன. குறுகிய தொண்டையில் புகை வேகம் பிடித்து ஏறியது. கொத்தனார் ஒருவர் சில மணி நேரத்தில் பழைய கணப்பை இப்படித் திருத்திவிட முடிந்தது. அதனாலேயே அது காட்டுத்தீயாகப் பரவியது. விக்டோரியா காலக் கணப்புகள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவைதான். நீலகிரி வீடுகளிலும் சாய்ந்த பக்கச் சுவர்களைப் பார்க்கலாம்.

அப்படியும் திறந்த கணப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி மேலே போய்விடுகிறது. பத்தில் ஒன்று, ஒன்றரைப் பங்கு அறைக்குக் கிடைத்தால் பெரிது. நெருப்பின் முன் உட்கார்ந்தவரின் முகம் காயும், முதுகு நடுங்கும். புகைபோக்கி இழுக்கும் காற்றுக்கு ஈடாகக் கதவிடுக்கு, சன்னலிடுக்கு வழியே குளிர்காற்று உள்ளே வந்துகொண்டே இருப்பதுதான் காரணம். விக்டோரியா காலத்துச் சாய்வு நாற்காலிகளுக்கு உயர்ந்த முதுகும் காதோரச் சிறகுகளும் இருந்தது இந்தக் காற்றைத் தடுக்கத்தான். கனத்த திரைச்சீலையும் கதவடியில் வைக்கும் மணல் பையும் அதே வேலைக்கு.

ஆனால் இந்த ஓயாத காற்றோட்டம் உயிர் காக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தில்லியின் ஜனவரி இரவு உதகையின் இரவுக்கு அதிகம் சளைத்ததல்ல. 4, 5 டிகிரிக்கு வெப்பநிலை இறங்கும். கட்டடக் கலைஞர் லுட்யன்ஸ் காலத்துத் தில்லி பங்களாக்களில் கணப்பும் புகைபோக்கியும் இருந்தன. சுதந்திரத்துக்குப் பின் மத்திய அரசு ஊழியர்களுக்காகக் கட்டிய ஆர்.கே.புரம் போன்ற அடுக்குக் குடியிருப்புகளில் அவற்றுக்கு இடமில்லை. அங்கே மின்சார ஹீட்டரும் கம்பளியும்தான் துணை. மின்சாரத்துக்கு வழியில்லாத காவலாளிகளும் கட்டடத் தொழிலாளர்களும் அங்கீட்டி எனும் கரியடுப்பை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கி, நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு வாயுவால் இறந்துபோகும் செய்தி தலைநகரில் குளிர்காலந்தோறும் வருகிறது. நெருப்பு அதேதான், அதன் மேல் ஒரு புகைபோக்கி இருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம்.

கணப்பு பற்றவைப்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. பல நாள் மூடிக்கிடந்த புகைபோக்கிக்குள் குளிர்ந்த காற்று தூணாக நிற்கும். அப்போது விறகை மூட்டினால் புகை மேலே போகாமல் அறைக்குள் திரும்பும். அதனால் ஒரு செய்தித்தாளை முறுக்கிக் கொளுத்தி, தொண்டைக்கு நேரே கொஞ்ச நேரம் உயர்த்திப் பிடிப்பார்கள். தாளின் சுடர் முதலில் பக்கவாட்டில் அலையும். பிறகு சட்டென்று நிமிர்ந்து மேல்நோக்கி இழுபடும். இழுப்பு பிறந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அதற்குப் பிறகுதான் சுள்ளிக்குத் தீ வைப்பது.

இங்கிலாந்தில் கணப்புக்கு நிலக்கரி கிடைத்தது. நீலகிரியில் அது இல்லை. முதல் சில பத்தாண்டுகளில் எரிந்தது சோலைக்காடுகளின் மரம். நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்டு மெதுவாக வளரும் சோலை, பங்களாக்களின் பசிக்கு ஈடுகொடுக்க முடியாமல் சுருங்கியது. அதற்கு மாற்றாக 1840களிலிருந்து ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸும் வேட்டிலும் கொண்டுவந்து நடப்பட்டன. மலைமக்கள் முன்னதைக் கற்பூர மரம் என்றும் பின்னதைச் சீகை மரம் என்றும் அழைக்கிறார்கள். விறகுத் தட்டுப்பாடு தீர்ந்தது. அதற்கு விலையாகப் புல்வெளிகள் போயின. இன்று நீலகிரி என்றதும் சுற்றுலாப் பயணி நினைக்கும் கற்பூர மரத் தோப்பு இயற்கையின் கொடை அல்ல. பங்களாக் கணப்புக்கு விறகு தேடியதன் விளைவு. வெட்டிய விறகைப் பிளந்து மழை படாமல் அடுக்கி, ஓராண்டாவது உலர விட வேண்டும். பச்சை விறகு எரிந்தால் புகைபோக்கியின் உட்சுவரில் தார்போல் பிசின் படியும். கணப்பின் சூட்டிலோ பொறியிலோ அது ஒருநாள் தீப்பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது ஈரம். சுவர்கள் கல்லாலோ செங்கல்லாலோ ஒன்றரை அடிக்குக் குறையாத கனத்தில், சுண்ணாம்புச் சாந்தில் கட்டப்பட்டன. நீற்றிய சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த இந்தச் சாந்து, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உண்டு மெதுவாக இறுகுகிறது. ஆனால் சிமெண்டைப்போல் கெட்டித்துப் போவதில்லை. மழையில் சுவர் உறிஞ்சும் நீர், வெயில் வந்ததும் சாந்தின் நுண்துளைகள் வழியே ஆவியாகிவிடும். உள்ளே கணப்பின் சூடும் காற்றோட்டமும் இதற்குக் கைகொடுக்கும். தரையும் அப்படியே. பல வீடுகளில் மண்ணுக்கு மேல் இடைவெளி விட்டு உத்தரங்கள் கிடத்தி, அவற்றின் மேல் பலகை பாவியிருப்பார்கள். பீடச் சுவரில் தரைமட்டத்துக்குச் சற்று மேலே சிறு துளைகளுடன் இருக்கும் இரும்புக் கிராதி, அந்த இடைவெளிக்குள் காற்றை ஓடவிடுகிறது. செடிச் சட்டி வைத்து அதை மறைத்தால் சில ஆண்டுகளில் பலகை இற்றுவிடும்.

கூரை முதலில் புல்லாலும் நாட்டு ஓட்டாலும் வேயப்பட்டது. மங்களூரில் பாசல் மிஷன் 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின் சிவப்பு ஓடுகளும், இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த நெளிதகடுகளும் பரவலாயின. தகரம் எடை குறைவு; மலைப்பாதையில் ஏற்றுவது எளிது. மழை பெய்யும்போது உள்ளே பேச்சு கேட்காது என்பதால் அடியில் பலகைக் கூரை ஒன்றையும் சேர்த்தார்கள். முக்கோண முகப்பின் விளிம்பில் பூவேலை செதுக்கிய பலகை காணப்படும். அதை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிடக் கூடாது. கைமரங்களின் வெட்டுமுனைகளில் சாரல் ஏறாமல் காப்பது அதன் வேலை.

கண்ணாடி இத்தனை தாராளமாக வந்ததற்கு இங்கிலாந்தின் வரிச் சட்டம் ஒரு காரணம். அங்கே கண்ணாடி மீதான தீர்வை 1845இல் நீங்கியது, செங்கல் வரி 1850இல், சன்னல் வரி 1851இல். அதுவரை சன்னலை அடைத்து வரியைத் தவிர்த்த சமூகம், அதற்குப் பின் சுவரையே வெளியே தள்ளி மூன்று பக்கமும் கண்ணாடி வைத்தது. நீலகிரியில் இந்தப் பிதுங்கு சன்னலோடு தாழ்வாரத்துக்கும் கண்ணாடி அடைத்தார்கள். காலை வெயில் உள்ளே நுழைந்து தரையைச் சூடாக்கும். அந்தச் சூடு கண்ணாடியைத் தாண்டி எளிதில் வெளியேறாது. விறகில்லாமல் வெதுவெதுப்பு தரும் இந்தத் தாழ்வாரம்தான், இங்கிலாந்து வீட்டின் மீது இந்தியா செய்த நல்ல திருத்தம். வீட்டில் மிகவும் விரும்பி உட்காரும் இடமும் அதுவே.

அறைகளின் அமைப்பில் இரு நாட்டு வீடுகளும் பிரிகின்றன. ஆங்கிலக் கிராமத்து வீட்டில் சமையலறை பின்பக்கம் ஒட்டியே இருக்கும். உணவுப் பொருள் வைக்கும் அறையை வெயில் படாத வடக்குப் பக்கம் வைப்பார்கள். நீலகிரியில் சமையல்கட்டு தனிக் கட்டடம், நடுவில் கூரையிட்ட நடை. தட்டு மேசைக்கு வருவதற்குள் ஆறிவிடும். கழிப்பிடத்திலும் இந்த வேறுபாடு உண்டு. டார்செட் பாதிரியார் ஹென்றி மௌல் 1860இல் காப்புரிமை பெற்ற உலர்மண் கழிப்பிடம், தண்ணீர்க் குழாய் இல்லாத ஆங்கிலக் கிராமங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இந்திய பங்களாவில் அந்தச் சிக்கலை எந்திரம் தீர்க்கவில்லை, சாதி தீர்த்தது. குளியலறைகளில் வெளிப்புறம் திறக்கும் தனிக் கதவு ஒன்று இன்னும் இருப்பதைப் பழைய வீடுகளில் காணலாம். மலம் சுமக்க வைக்கப்பட்டவர்கள் வீட்டுக்குள் நுழையாமல் வந்துபோவதற்காக வைத்த கதவு அது. அந்த வீடுகளின் அழகைப் பேசும்போது இந்தக் கதவையும் காட்டியே தீர வேண்டும்.

இன்று இந்த வீடுகள் பழுதடைவதற்குப் பெரும்பாலும் முதுமை காரணமல்ல. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறான பராமரிப்புதான். சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசுகிறார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் அறைப் பக்கம் கசிந்து பூஞ்சை பிடிக்கிறது. பிளாஸ்டிக் வண்ணம் அடிக்கிறார்கள். அது கொப்புளம் கொப்புளமாக உரிகிறது. மின்சார ஹீட்டர் வந்ததும் கணப்பின் வாயைச் செங்கல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். புகைபோக்கிக்குள் இறங்கும் மழைநீர் உலர வழியின்றிச் சுவரில் பரவுகிறது. கணப்பைப் பயன்படுத்தாவிட்டாலும் அடைப்பில் ஒரு சிறு காற்றுத்துளையும், மேலே மழை தடுக்கும் மூடியும் வைத்தால் போதும். பயன்படுத்துபவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, குளிர்காலம் தொடங்குமுன், நீண்ட கழியில் கட்டிய தூரிகையால் புகைபோக்கியின் கரியை வழித்தெடுக்க வேண்டும். இங்கிலாந்தில் ஒருகாலத்தில் சிறுவர்களைப் புகைபோக்கிக்குள் ஏற்றி இந்த வேலையை வாங்கினார்கள். 1875இல் வந்த சட்டம் அதற்கு முடிவு கட்டியது. கரியோடு பறவைக் கூடும் உதிர்ந்த சாந்தும் விழுந்தால் அதையும் கவனிக்க வேண்டும். விழுந்தது சாந்தென்றால், கணப்பை மூட்டுவதற்கு முன் கொத்தனாரை அழைத்துச் சுண்ணாம்பிலேயே இடுக்குகளை அடைத்துவிட வேண்டும்.