இந்தியன் தாத்தாவும் கோப்பிக் காசும்

ஆண்டுக்கு நான்கு படம் பார்த்தால் அதிகம் என்னும் கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் வெண்கட்டி பிடிக்கிற ஆசிரியனுக்குச் சினிமாவைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனாலும் சென்ற பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் என் தங்கை வீட்டில் தங்கியிருந்தபோது, தொலைக்காட்சியில் 'இந்தியன்' படம் போட்டார்கள். உடன் அமர்ந்து பார்த்த பதினோரு வயது மருமகன் ஒரு கேள்வி கேட்டான். அந்தக் கேள்விதான் என்னை எழுத வைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

1996-ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த அந்தப் படத்தை உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். அமெரிக்கர்களுக்கு 1939 முதல் ஒரு வௌவால் மனிதன் இருக்கிறான். ஊழல் மலிந்த நகரத்தில் இரவு நேரத்தில் கறுப்பு அங்கி போர்த்திக்கொண்டு வந்து தீயவர்களை அடிப்பவன். நமக்கு அவனுக்குப் பதிலாக நரைத்த தலையோடு ஒரு தாத்தா. பெயர் சேனாபதி. இரண்டு விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டினால் ஆள் அசையாமல் நின்றுவிடுவான், வர்மக்கலை! பிறகு இடுப்பு வாரிலிருந்து கத்தி வரும். இலஞ்சம் வாங்கியவனுக்கு அத்தோடு கணக்கு முடிந்தது. படம் வந்த சமயம் நான் பள்ளி மாணவன். எங்கள் தோட்டத்துத் திடலில் விரலை மடக்காத பையன் ஒருவன்கூட இல்லை.

இயக்குநர் ஷங்கர் இதே சரக்கை 2005-இல் 'அந்நியன்' என்று இன்னும் இருட்டாக்கிக் கொடுத்தார். கருட புராணத்துத் தண்டனைகள், எருமைக் கூட்டம், கொதிக்கும் எண்ணெய்! வேடிக்கை என்னவென்றால், அந்தப் படமும் வௌவால் மனிதனின் 'பேட்மேன் பிகின்ஸ்' படமும் அதே ஜூன் மாதத்தில் இரண்டு நாள் இடைவெளியில் வெளிவந்தன. ஊழல்காரனை இருட்டில் ஒருவன் வந்து தண்டிக்கமாட்டானா என்ற ஏக்கம் உலகப் பொதுவானது போலும்.

சேனாபதி யார் என்பதைப் படம் நடுவில் சொல்கிறது. அவர் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்து வீரர். இந்தச் செய்தி சென்னையில் இருப்பவருக்கு ஒரு கதைக் குறிப்பு. நமக்கோ அது வீட்டுச் செய்தி. நான் அமர்ந்து படம் பார்த்த அந்த ஃபேரர் பார்க்கிலேதான் அந்த இராணுவத்தின் முதல் நாள் நடந்தது. 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, 17-ஆம் தேதி, பிரிட்டிஷ் படையில் இருந்த நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களை ஃபேரர் பார்க் திடலில் கூட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். ஒரு காலத்தில் குதிரைப் பந்தயம் நடந்த மைதானம் அது. அங்கே கேப்டன் மோகன் சிங் எழுந்து இந்திய விடுதலைப் படையில் சேர வாருங்கள் என்று அழைத்தார். அடுத்த ஆண்டு நேதாஜி வந்து தலைமை ஏற்றதும், மலாயாத் தோட்டங்களிலிருந்து பால் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு நம்மவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். கேப்டன் லட்சுமியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களில் பலர் இந்தியாவைக் கண்ணாலும் பார்த்ததில்லை. காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தவர்களும் உண்டு.

அந்தப் படையிலிருந்து திரும்பி வந்த உண்மையான சேனாபதிகள் கத்தியைத் தூக்கிக்கொண்டு இரவில் தனியாக அலையவில்லை. மறுபடியும் அதே லயத்துக்கு, அதே மரத்துக்குத்தான் வந்தார்கள். ஆனால் பழைய ஆட்களாக வரவில்லை. 1946, 47 ஆண்டுகளில் கெடா தோட்டங்களில் தொண்டர் படை கட்டிக் கள்ளுக்கடைக்கு எதிராக நின்றவர்களில் தேசிய இராணுவத்தில் பயிற்சி பெற்றவர்கள் இருந்தார்கள். பகலில், வரிசையாக, பெயர் தெரிய நின்றார்கள். படத்துத் தாத்தாவிடம் எனக்குள்ள முதல் மனக்குறை இதுதான். படையில் இருந்த மனிதருக்குப் பக்கத்தில் நிற்க ஒரு தோழர்கூட இல்லையா?

இப்போது மருமகனின் கேள்விக்கு வருகிறேன். தீக்காயம் பட்ட மகளைத் தாத்தா மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். கையில் பணம் வைக்காமல் மருத்துவர் தொடமாட்டார். பெண் துடித்துச் சாகிறாள். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். பையன் திரும்பி, "ஏன் மாமா, அந்தத் தாத்தா போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணல?" என்றான்.

அவன் அப்பா சிரித்துவிட்டார். "அங்க போலீஸே வாங்குவாங்கடா."

பையனுக்குப் புரியவில்லை. அவன் பிறந்து வளர்ந்த ஊர் அப்படி. ஆனால் அந்த ஊரும் எப்போதும் அப்படி இருந்ததில்லை, வாசகர்களே! 1951 அக்டோபரில் பொங்கோல் கடற்கரையில் 1,800 இறாத்தல் அபினைக் கொள்ளையடித்தார்கள். அந்தக் காலத்து மதிப்பில் நான்கு இலட்சம் வெள்ளி. கொள்ளைக் கூட்டத்திலே போலீஸ் துப்பறிவாளர்களும் இருந்தார்கள். அப்போது இலஞ்ச ஒழிப்புப் பிரிவு என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. எங்கே? போலீஸ் துறைக்கு உள்ளேயே! கூட்டாளியைக் கூட்டாளி எப்படிப் பிடிப்பான்? ஆகவே 1952-இல் போலீசுக்கு வெளியே தனியாக ஓர் அலுவலகம் வைத்தார்கள். அதுதான் இன்றைய இலஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு. 1960-இல் புதிய சட்டம் கொண்டுவந்து அதன் கைக்குப் பலம் கொடுத்தார்கள். சம்பளத்துக்கு மீறிய சொத்து ஒருவரிடம் இருந்து, அதற்குக் கணக்குக் காட்ட முடியாவிட்டால், நீதிமன்றம் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. இதில் வர்மமும் இல்லை, கத்தியும் இல்லை. படமாக எடுத்தால் முதல் நாளே கொட்டகை காலியாகிவிடும்!

இதில் கோப்பிக்கும் ஒரு பங்கு உண்டு. நம் நாட்டில் கோப்பிக் காசு என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஒழுங்காகத் தேறாமல் காசு கொடுத்து வாங்கும் வாகன உரிமத்தைக்கூடக் 'கோப்பி-ஓ லைசன்ஸ்' என்றுதானே சொல்கிறோம்! பாலத்துக்கு அந்தப் பக்கம் போனால் அதே கோப்பிக்குப் பொருள் மாறிவிடுகிறது. சிங்கப்பூரில் ஒருவரை 'லிம் கோப்பி'க்குக் கூப்பிட்டார்கள் என்றால், விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள் என்று பொருள். கொடுப்பதும் கோப்பி, மாட்டிக்கொள்வதும் கோப்பி.

அந்தக் கோப்பி-ஓ லைசன்ஸை நினைத்துக்கொண்டு படத்தின் பின்பாதியைப் பாருங்கள். தாத்தாவின் மகன் சந்துரு வாகன அலுவலகத்து வாசலில் தரகு வேலை பார்த்துத் திரிந்தவன். பிரேக் சரியாக இல்லாத பேருந்துக்குக் காசு வாங்கிக்கொண்டு தகுதிச் சான்றிதழ் கொடுக்கிறான். பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேர் இறந்துபோகிறார்கள். படத்தில் எனக்கு நெஞ்சில் தைத்தது இந்த இடம்தான். மருத்துவரும் அதிகாரிகளும் வில்லனாக வரும்போது கைதட்டுவது எளிது, அவர்கள் யாரோ. சந்துரு நம் வீட்டுப் பையன். துறுதுறுப்பானவன், சிரிக்க வைப்பவன், வேலை கிடைக்கவேண்டும் என்று அவனே பலரிடம் கெஞ்சியவன். அவனைக் கெட்டவன் என்று சொல்ல நமக்கே வாய் வருவதில்லை. கமலஹாசனே தந்தையாகவும் மகனாகவும் நடித்ததில் இந்த நியாயம் இன்னும் கூர்மையாகிறது. ஒரே முகம்!

ஆனால் முடிவில் தகப்பன் மகனையும் கத்தியால் குத்துகிறார். கொட்டகையில் அன்று விசில் பறந்தது. இந்த வயதில் என்னால் கைதட்ட முடியவில்லை. அந்தப் பேருந்துக்காரன் யார், அவன் கொடுத்த பணம் யார் யாருக்குப் போயிற்று, அதே அலுவலகத்தில் இன்னும் எத்தனை பேருந்துகள் இப்படிச் சான்றிதழ் வாங்கின, இவையெல்லாம் சந்துருவோடு எரிந்து போயின. விசாரித்திருந்தால் சொல்லியிருப்பானே!

நம்மவர் ஒருவர் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்ற இந்தக் கேள்வி சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு அண்மையில் நேராகவே வந்தது. 2023 ஜூலையில் போக்குவரத்து அமைச்சர் எஸ். ஈஸ்வரன் கைது செய்யப்பட்டார். மறு ஆண்டு செப்டம்பரில் ஐந்து குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார். அரசாங்கப் பணியில் இருந்துகொண்டு, தம் பணியோடு தொடர்புள்ளவர்களிடம் விலையுயர்ந்த பொருள்களைப் பெற்றதாக நான்கு. நீதிக்கு இடையூறு செய்ததாக ஒன்று. கார் பந்தய நுழைவுச்சீட்டு, இசை நாடக நுழைவுச்சீட்டு, விஸ்கி, மடக்கு மிதிவண்டி என்று பட்டியல். இலஞ்சச் சட்டத்தின் கீழ் முதலில் சாட்டிய இரண்டு குற்றங்களை அரசுத் தரப்பே இந்தச் சிறிய பிரிவுக்கு மாற்றிக்கொண்டது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடவேண்டும். ஆறு, ஏழு மாதம் போதும் என்றது அரசுத் தரப்பு. 2024 அக்டோபர் 3-ஆம் தேதி நீதிபதி கொடுத்தது பன்னிரண்டு மாதச் சிறை.

தங்கை வீட்டுக்காரர் அந்த நாள்களைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நம்ம ஆளு, படிச்சவரு, நல்லாத்தான் பேசுவாரு" என்றார். சந்துருவைப் பற்றி நாம் சொல்வதும் இதுவேதான் அல்லவா? ஆனால் இங்கே என்ன வாங்கினார், யாரிடம், எந்தத் தேதியில், என்ன விலை என்பது வரை ஏட்டில் ஏறியது. தண்டனை முடிந்து அவர் வீட்டுக்கும் வந்துவிட்டார். கத்திக்கும் மன்னிப்புக்கும் நடுவே இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதை ஷங்கரின் படங்கள் ஏனோ ஒருநாளும் நம்புவதில்லை.

அவர் 2024 ஜூலையில் கொண்டுவந்த 'இந்தியன் 2' படத்தையும் தங்கை போட்டுக் காட்டினாள். தாத்தா திரும்பி வருகிறார், வர்மம் இருக்கிறது, சந்துரு இல்லை. நான் பாதியில் தூங்கிவிட்டேன். அதைவிட 2023-இல் வந்த 'மாவீரன்' தேவலாம். அதில் சுவர் பெயர்ந்து விழும் அடுக்குமாடியில் குடியேறிய சித்திரக் கதைக்காரன் ஒருவன், "அனுசரித்துப் போவோம்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும் பயந்தாங்கொள்ளி, வேறு வழியில்லாமல் அமைச்சரை எதிர்க்கிறான். பயப்படுகிற ஆளைப் பார்க்கும்போது எனக்கு நம் தோட்டத்து முகங்கள் ஞாபகத்துக்கு வந்தன.

'இந்தியன்' மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும். பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் மருத்துவரைக் கொல்லும் காட்சி வரும்போது சின்னதுகளைக் கோப்பி கலக்க அனுப்பிவிடுங்கள். பேருந்துக் காட்சிக்கு மட்டும் கட்டாயம் கூப்பிட்டு உட்கார வையுங்கள். "ஏன் போலீசில் சொல்லவில்லை?" என்று உங்கள் வீட்டுப் பிள்ளையும் கேட்டால், சிரித்துவிடாதீர்கள்.