தேர் நின்ற ஆண்டுகள்
(பத்தாம் வகுப்பு மாணவி)

"ஊர் கூடித் தேர் இழு" என்பது நம் முன்னோர் மொழி. ஊர் கூடினால்தான் தேர் நகரும். ஆனால் ஊர் கூடுவதே ஆபத்து என்று ஒரு காலம் வந்தால் தேர் என்ன ஆகும்? அப்படியும் ஒரு காலம் வந்ததை நாம் கண்ணாரக் கண்டோம். கொரோனா என்னும் கொள்ளை நோய் 2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் திருவிழாக்களையும் விளையாட்டுப் போட்டிகளையும் எவ்வாறு நிறுத்தியது, ஏன் நிறுத்த வேண்டியதாயிற்று, அதனால் யார் யார் எதை எதை இழந்தனர் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கூட்டம் ஏன் ஆகாது?

2020 மார்ச் 11-ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் கொரோனாவை உலகம் தழுவிய கொள்ளை நோய் என அறிவித்தது. மார்ச் 22, ஞாயிறன்று நாடெங்கும் மக்கள் ஊரடங்கு. மார்ச் 25 முதல் 21 நாள் முழு ஊரடங்கு. அது பின்னர் மேலும் மேலும் நீண்டது.

இந்நோய்க் கிருமி இருமும்போதும் தும்மும்போதும் மட்டும் வெளிவருவதில்லை. பேசும்போதும், உரக்கச் சிரிக்கும்போதும், பாடும்போதும் நுண்ணிய துளிகளாக வெளிவருகிறது. காற்றோட்டம் இல்லாத அறையில் அத்துளிகள் நெடுநேரம் மிதக்கும். மேலும், தொற்று கண்டவருக்குக் காய்ச்சல் தோன்றும் முன்னரே அவரிடமிருந்து பிறருக்குப் பரவிவிடும். ஆகவே, "நோயாளிகள் மட்டும் விழாவுக்கு வராதிருந்தால் போதும்" என்று சொல்ல வழியில்லாமல் போயிற்று.

இதற்கு ஒரு சான்று கூறுகிறேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச் 10-ஆம் நாள் ஒரு பாடகர் குழுவினர் 61 பேர் கூடிப் பாடிப் பயிற்சி செய்தனர். அவர்களில் ஒருவருக்குச் சளி போன்ற அறிகுறி இருந்தது. அந்த ஒரு மாலைப் பொழுதுக்குப் பின் மேலும் 52 பேரை நோய் பற்றியதாகக் கணக்கிட்டனர். இருவர் உயிரிழந்தனர். ஆலயத்தில் நாம் சேர்ந்து பாடும் பாடல்குழு போன்றதொரு குழுதான் அதுவும். யாரும் தவறொன்றும் செய்யவில்லை, பாடினார்கள், அவ்வளவே! கூட்டங்களை நிறுத்தியதன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

நம் பக்கத்துத் திருவிழாக்கள்

நம் சாத்தூருக்கு அருகில், அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில் இருக்கன்குடி மாரியம்மன் கோவில் உள்ளது. ஆடிக் கடைசி வெள்ளியன்று அங்கே கூடும் கூட்டத்தை அறியாதவர் நம்மில் இல்லை. அக்கினிச் சட்டியும் ஆயிரங்கண் பானையும் ஏந்தி இரவெல்லாம் நடந்து வருவோரால் சாலை நிரம்பி வழியும். 2020-இல் அந்த வெள்ளி ஆகஸ்ட் 14-இல் வந்தது. தமிழ்நாட்டில் பெரிய வழிபாட்டுத் தலங்கள் மக்களுக்குத் திறந்ததோ செப்டம்பர் 1-ஆம் நாள்தான். ஆகவே அவ்வாண்டு சாலைகள் வெறிச்சோடின.

நம் மாவட்டத்துத் திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவிலின் ஆடிப்பூரத் தேர் மிகப் பெரியது. 2020-லும் 2021-லும் அத்தேர் வீதிக்கு வரவில்லை. 2022 ஆகஸ்ட் 1-ஆம் நாள்தான் மீண்டும் அதன் வடம் அசைந்தது.

மதுரைச் சித்திரைத் திருவிழாவும் தப்பவில்லை. 2020 மே 4-ஆம் நாள் மீனாட்சி திருக்கல்யாணம் சில அர்ச்சகர்களைக் கொண்டே நடந்தது. மக்கள் வீட்டிலிருந்து காணும்படி ஒளிபரப்பினார்கள். வழக்கமாகக் கோவிலைச் சுற்றி நின்று மங்கல நாண் மாற்றிக்கொள்ளும் பெண்கள், அவ்வாண்டு வீட்டிலேயே மாற்றிக்கொண்டனர். கள்ளழகர் வைகையில் இறங்கவில்லை. 2021-லும் அழகர்கோவில் வளாகத்துக்குள்ளேயே வைகைபோல் அமைத்துச் சடங்கை நிறைவேற்றினர். 2022 ஏப்ரல் 16-இல்தான் மக்கள் வெள்ளத்துக்கிடையே அழகர் ஆற்றில் இறங்கினார்.

நம் திருச்சபையின் விழாக்களும் அவ்வாறே. 2020 ஏப்ரல் 12-இல் வந்த உயிர்ப்புப் பெருவிழாவை ஆலயம் செல்லாமலே கொண்டாடினோம். தூத்துக்குடி பனிமய அன்னையின் ஆகஸ்ட் 5 பெருவிழாவும், நமக்கு அண்மையிலுள்ள காமநாயக்கன்பட்டி பரலோக மாதாவின் ஆகஸ்ட் 15 விழாவும், வேளாங்கண்ணி அன்னையின் செப்டம்பர் 8 விழாவும் அவ்வாண்டில் பக்தர் கூட்டமின்றிக் கடந்தன. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2020 மார்ச் 27-ஆம் நாள் மாலை, மழையில், ஆளில்லாத புனித பேதுரு சதுக்கத்தில் தனியே நின்று உலகுக்காக மன்றாடிய காட்சியை யாரால் மறக்க இயலும்?

ஓய்ந்த விளையாட்டுத் திடல்கள்

2020 மார்ச் 8, மகளிர் நாள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் மகளிர் இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இந்தியப் பெண்களும் ஆஸ்திரேலியப் பெண்களும் மோதிய அந்த ஆட்டத்தைக் காண 86,174 பேர் திரண்டிருந்தனர். ஐந்தே நாளில், மார்ச் 13-ஆம் நாள், அதே நகரில் நடக்கவிருந்த கார்ப் பந்தயம் நிறுத்தப்பட்டது. அந்நாட்டினரின் பெரும் விழாவான கால்பந்து இறுதி ஆட்டம் முதன்முறையாக விக்டோரியா மாநிலத்தை விட்டு வெளியேறிப் பிரிஸ்பேனில் நடந்தது. 2020-இல் அங்கே நடக்க வேண்டிய ஆடவர் இருபது ஓவர் உலகக் கோப்பை 2022-இல்தான் நடந்தது.

2020 மார்ச் 24-ஆம் நாள் டோக்கியோ ஒலிம்பிக் ஓராண்டு தள்ளி வைக்கப்பட்டது. விம்பிள்டன் டென்னிஸ் இரண்டாம் உலகப் போருக்குப்பின் முதன்முறையாக நடைபெறவில்லை. ஐ.பி.எல். கிரிக்கெட் ஐக்கிய அரபு நாட்டுக்குப் போயிற்று. நம் மாநிலத்தின் டி.என்.பி.எல். போட்டி அவ்வாண்டு நடக்கவே இல்லை.

ஓராண்டுத் தாமதம் ஒரு வீரருக்கு எவ்வளவு பெரிய இழப்பு! உடல் வலிமை உச்சத்தில் இருக்கும் காலம் சில ஆண்டுகளே. எனினும் நம்மவர் தளரவில்லை. சென்னையின் பவானி தேவி, ஒலிம்பிக்கில் வாள்வீச்சில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார். மதுரை அருகே சக்கிமங்கலத்தில் பெற்றோரை இழந்து, பாட்டியின் கூலி உழைப்பில் வளர்ந்து, வெறுங்காலில் ஓடிப் பழகிய ரேவதி, 2021 ஜூலை 30-ஆம் நாள் டோக்கியோவில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடினார். திருச்சியின் சுபாவும் அக்குழுவில் இருந்தார். பதக்கம் கிட்டவில்லை. கைதட்ட அரங்கில் பார்வையாளரும் இல்லை. ஆயினும் ஓடினார்கள்!

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜன் கதையும் குறிப்பிடத்தக்கது. தனிமைக் கட்டுப்பாடுகள் காரணமாக, அரபு நாட்டிலிருந்து அப்படியே ஆஸ்திரேலியாவுக்குச் சென்றார். இடையில் பிறந்த தம் குழந்தையைக் காண ஊர் திரும்ப முடியவில்லை. வலைப் பயிற்சிக்குச் சென்ற அவர் மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக ஆடித் திரும்பினார்.

விழா நின்றால் அடுப்பும் நிற்கும்

விழா என்பது நமக்கு மகிழ்ச்சி. சிலருக்கோ அதுதான் பிழைப்பு. கரகாட்டம், ஒயிலாட்டம், நையாண்டி மேளம், வில்லுப்பாட்டு, நாடகம் ஆகியவற்றை நம்பி வாழும் கலைஞர்களுக்குப் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களே அறுவடைக் காலம். அம்மாதங்களில் ஈட்டுவதைக் கொண்டே ஆண்டு முழுவதும் காலந்தள்ள வேண்டும். 2020-இல் ஊரடங்கு தொடங்கியது பங்குனியில். மறு ஆண்டு இரண்டாம் அலை வந்தபோது, 2021 ஏப்ரல் 10 முதல் திருவிழாக்களுக்குத் தடை வந்தது. அதுவும் பங்குனி முடியும் வேளைதான்! ஒரு விளைச்சல் பொய்த்தால் உழவர் தாங்குவார். அடுத்தடுத்து இரண்டு பொய்த்தால்?

சென்னையில் மார்கழி இசை விழா 2020-இல் இணையம் வழியாக நடந்தது. ஒரு நிழற்படக் கருவியின் முன் அமர்ந்து பாட இயன்றது. ஆனால் ஊர் மந்தையில், மக்கள் சூழ்ந்து நிற்க ஆடும் கரகத்தை எந்த இணையத்தில் ஆடுவது? பந்தல் போடுவோர், ஒலிபெருக்கி வைப்போர், ராட்டினம் சுற்றுவோர், வளையல் விற்போர், பலூன் ஊதுவோர் என இப்பட்டியல் நீளும்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. பேருந்துகள் ஓடாதபோது சாத்தூர்ச் சேவை வாங்குவோர் யார்? கோவில் கொடையும் ஆலயத் திருவிழாவும் இல்லாதபோது வாணவேடிக்கை ஏது? பட்டாசு ஆலைகளும் தீப்பெட்டி ஆலைகளும் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தன. 2020 நவம்பர் 14-இல் தீபாவளி வந்தபோது, நோயுற்ற நுரையீரலுக்குப் புகை ஆகாது என்று தில்லி, இராஜஸ்தான் முதலிய மாநிலங்கள் பட்டாசைத் தடை செய்தன. காரணம் நியாயமானதே. ஆனால் அங்கே விற்காத ஒவ்வொரு பெட்டியும் இங்கே ஒரு வீட்டின் கூலி என்பதை நம் பகுதி மக்கள் அறிவார்கள்.

மாணவர் இழந்தவையும் சில உண்டு. 2020-21 கல்வியாண்டில் ஐந்தாம் வகுப்பில் இருந்த எங்களுக்கு ஒரு நாள்கூடப் பள்ளி திறக்கவில்லை. 2021 நவம்பர் 1-ஆம் நாள் ஆறாம் வகுப்பில்தான் மீண்டும் பெஞ்சில் அமர்ந்தோம். ஓட்டப் பந்தயம், மாறுவேடப் போட்டி, ஆண்டு விழா நடனம் எதுவும் இல்லாமல் ஓர் வகுப்பு எங்கள் வாழ்வில் கழிந்தது.

முன்னும் நடந்ததுண்டு

இது புதிதன்று. 1918-இல் பரவிய நச்சுக் காய்ச்சல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. 1919-இல் வட அமெரிக்காவின் புகழ்பெற்ற பனி ஹாக்கிக் கோப்பைப் போட்டி, வீரர்கள் நோயுற்றதால் வெற்றியாளர் இன்றியே முடிந்தது.

செருமனி நாட்டில் ஓபராம்மர்காவ் என்றொரு சிற்றூர். 1633-இல் அங்கே பிளேக் பரவியபோது, "இந்நோய் எங்களை விட்டு நீங்கினால் ஆண்டவரின் திருப்பாடுகளை நாடகமாக நடிப்போம்" என ஊரார் நேர்ந்துகொண்டனர். 1634-இல் முதன்முதல் நடித்தனர். இன்றுவரை பத்தாண்டுக்கு ஒருமுறை அந்நாடகம் நடக்கிறது. 2020-இல் நடக்க வேண்டியதைக் கொரோனா நிறுத்திற்று! கொள்ளை நோயால் பிறந்த நாடகமே கொள்ளை நோயால் நின்றது. ஆனால் ஊரார் நேர்ச்சையைக் கைவிடவில்லை, 2022-இல் நிறைவேற்றினர்.

முடிவுரை

அன்புத் தோழியரே! விழாக்களை நிறுத்தியது சரியா என்று கேட்டால், சரிதான் என்றே கூறுவேன். பாடிய 61 பேரின் கதை அதற்குச் சான்று. உயிர் இருந்தால் விழா மீண்டும் வரும். வந்தும் விட்டது. ஆனால் நிறுத்தியதன் சுமை எல்லார் தோளிலும் சமமாக விழவில்லை. மாதச் சம்பளம் பெறுவோர் ஒரு விழாவை இழந்தனர். மேளம் வாசிப்பவரோ ஓராண்டு உணவை இழந்தார். அடுத்த முறை இப்படியொரு நாள் வந்தால், நாம் முதலில் எண்ண வேண்டியது அவர்களையே. ஆலயத்துக்கும் கோவிலுக்கும் நாம் தரும் திருவிழா வரியில் ஒரு பங்கை, விழா நின்ற ஆண்டிலும் அக்கலைஞருக்கு அனுப்பலாம் அன்றோ? தேர் நிற்கலாம். அத்தேரை நம்பிய வீட்டின் அடுப்பு நிற்காமல் காப்பதும் ஊர் கூடிச் செய்ய வேண்டிய வேலைதான்.