பட்டறையில் சேரும் பிள்ளைக்கு ஒப்பந்தம் இருக்கிறதா?



படிப்பை நிறுத்திய பையன் என்ன செய்கிறான் என்று பெற்றோரிடம் கேட்டால், "லேத் பட்டறையில வேலை பழகுறான் பாய்" என்ற பதிலே அதிகம் வருகிறது. சென்ற ரமலானுக்கு முன் நம் அலுவலகம் வந்த இளைஞர் நான்காண்டு லேத் ஓட்டியவர், வேலை சுத்தம். பெரிய கம்பெனியில் சான்றிதழ் கேட்டார்கள். அவரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இதற்காகத்தான் இருக்கிறது. 2019இல் திருத்திய விதிப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் அப்ரண்டிஸ்களைச் சேர்த்தே ஆகவேண்டும். 4 பேர் உள்ள சிறு பட்டறையும் விரும்பினால் சேர்க்கலாம். எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் உள்ளவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

ஐ.டி.ஐ. முடிக்காத பிள்ளை முதலில் அடிப்படைப் பயிற்சி பெறவேண்டும். பட்டறையில் அந்த வசதி இல்லாவிட்டால் வேறு பயிற்சி மையத்துக்கு அனுப்புவார்கள். "அங்கே போனால் நாள் வீண்" என்று சிலர் தடுக்கிறார்கள். அது தவறு. ஒரே லேத் உள்ள இடத்தில் ஆர்டரை நிறுத்திவிட்டு யார் சொல்லித் தருவார்? வரைபடம் படிப்பது, மைக்ரோமீட்டர் பிடிப்பது, அரம் போடுவது எல்லாம் மையத்தில்தான் நிதானமாக வரும். அங்கே கெட்டுப்போவது பழகும் இரும்பு, வாடிக்கையாளர் சாமான் அல்ல. தொழிற்கல்விக்குப் பேர்போன ஜெர்மனியிலும் சிறு பட்டறைப் பையன்களைச் சில வாரங்கள் பொது மையத்துக்கு அனுப்பித்தான் பழக்குகிறார்கள்.

2019 விதி குறித்த குறைந்தபட்ச மாத உதவித்தொகை பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு 6,000 ரூபாய், ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7,000 ரூபாய். மத்திய அரசுத் திட்டத்தில் சேர்ந்தால் இதில் அரசின் பங்கு 1,500 ரூபாய் வரை பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். ஆதார் இணைத்த கணக்கு அவசியம். அத்தாவின் கணக்கு உதவாது.

ஒன்றை மறைக்கக்கூடாது. பயிற்சி முடிந்ததும் வேலை தரவேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது. ஆனால் வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு உண்டு. ஒப்பந்தமில்லாத பையனுக்கு அடிபட்டால், பழகத்தான் வந்தான் என்று முதலாளி கைவிரித்துவிடுவார்.

18 வயதுக்குக் குறைந்தவருக்குப் பெற்றோரோ பொறுப்பாளரோ கையெழுத்திடவேண்டும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஜும்ஆவுக்குப் பின் ஒப்பந்தத்தை அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். உட்கார்ந்து படித்துச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ்.