கேளாமல் வரும் யோசனையும் பாதுகாப்பு இலாகாவும்

அந்தமான் தீவுகளுள் ஒன்றான ஹேவ்லாக், போர்ட் பிளேயருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 2018-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் இதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர். போர்ட் பிளேயரும் 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. முப்படைகளும் ஒரே தலைமையின்கீழ் இயங்கும் அந்தமான் நிகோபார் படைத்தலைமை 2001-ஆம் ஆண்டில் அங்கு நிறுவப்பட்டது. இக்கடற்பகுதியில் பயன்படும் உபகரணங்களுக்கு உப்புக்காற்று, ஓயாத ஈரம், பூஞ்சை ஆகிய மூன்றும் நிரந்தரப் பகைகள். இணைப்புக் கம்பி துருப்பிடிப்பதையும், மின்கலப்பெட்டியில் ஈரம் புகுவதையும் தினந்தோறும் காண்பவர் தீவில் வேலை செய்பவரே.

ஹேவ்லாக் படகுத்துறையில் எஞ்சின் பழுது பார்க்கும் ஒருவர், உப்பு நீர் புகாத புதிய மின்கலப்பெட்டியை அமைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அது கடற்படைக்கும் பயன்படும் என்று அவர் கருதுகிறார். ஆனால் எந்த இலாகாவும் அதனைக் கேட்கவில்லை. அவர் எழுதும் கடிதத்துக்கு என்ன நேரும்?

இரு வகை அச்சம்

வழக்கமான கொள்முதலில் இலாகா முதலில் தன் தேவையை அறிவிக்கிறது. பலர் விலை குறிக்கின்றனர். தகுதியுள்ளவற்றுள் குறைந்த விலை ஏற்கப்படுகிறது. கேளாமல் வரும் யோசனை இம்முறைக்கு நேர்மாறானது. இங்குப் பொருள் முதலில் வருகிறது. தேவை பின்னர் ஆராயப்படுகிறது.

இதனால் இரு தரப்பிலும் அச்சம் எழுகிறது. யோசனையை வெளியிட்டால் இலாகா அதனை வேறொருவரிடம் செய்வித்துக்கொள்ளுமோ என்பது அளிப்பவரின் அச்சம். போட்டியின்றி ஒருவருக்கே வேலையைக் கொடுத்தால் பொதுப்பணத்துக்குக் கணக்குச் சொல்ல இயலாதே என்பது அதிகாரியின் அச்சம். இரண்டும் நியாயமானவையே. இவ்விரண்டையும் ஒருங்கே தீர்ப்பதே நல்ல விதியின் வேலை.

யோசனைகளின் தொகையும் ஒரு சுமையாகும். அமெரிக்காவில் 1940-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தேசியக் கண்டுபிடிப்பாளர் குழுவுக்கு, யுத்த காலத்தில் பொதுமக்களிடமிருந்து 2 லட்சத்துக்கும் மேற்பட்ட யோசனைகள் வந்தன. உற்பத்திக்குச் சென்றவை ஏறத்தாழ நூறே. எனினும் அந்த நூறைக் கண்டெடுக்க வேண்டுமாயின் எல்லாவற்றையும் படித்தே ஆகவேண்டும்.

ஒரு கடிதத்தின் விலை

நல்ல யோசனையைத் தள்ளிவிடுவதால் நேரும் இழப்புக்கு ஜெட் எஞ்சினே சான்று. பிரிட்டிஷ் விமானப்படையின் இளம் அதிகாரியான ஃபிராங்க் விட்டில் 1929-ஆம் ஆண்டில் தம் திட்டத்தை விமான அமைச்சகத்திடம் கொடுத்தார். அக்காலத்து உலோகங்கள் அத்தனை வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாங்கா என்று நிபுணர்கள் கருதினர், திட்டம் ஒதுக்கப்பட்டது. 1930-ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் தாமே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இலாகா அக்கறை காட்டாமையால் அது இரகசியமாக வைக்கப்படவில்லை. எவரும் படிக்கும்படி வெளியாயிற்று. 1935-ஆம் ஆண்டில் புதுப்பிக்கும் கட்டணமான 5 பவுனைச் செலுத்த அவரிடம் பணமில்லை. அமைச்சகமும் செலுத்த முன்வரவில்லை. உரிமை காலாவதியாயிற்று.

பின்னர் நண்பர்கள் உதவியால் ஒரு கம்பெனி அமைத்து, 1937-ஆம் ஆண்டு ஏப்ரலில் எஞ்சினை ஓட்டிக் காட்டினார். அது விமானத்தில் பறந்தது 1941-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள். அதற்குள், ஜெர்மனியில் தனியே உருவான ஜெட் விமானம் 1939-ஆம் ஆண்டு ஆகஸ்டிலேயே பறந்துவிட்டது.

நிபுணர்களின் ஐயம் அன்றைய நிலைக்குப் பொருத்தமானதே. ஆனால் உலோகவியல் ஆண்டுதோறும் வளர்ந்து வந்தது. மறுப்புக்குரிய காரணத்தைக் குறித்துவைத்து, அக்காரணம் நீங்கும்போது மீண்டும் பார்ப்பதற்கு ஏற்பாடு இல்லாமையே குறை.

நம் நாட்டு ஏற்பாடு

நம் நாட்டில் 2018-ஆம் ஆண்டு ஒரு திருப்பமாகும். அவ்வாண்டு ஜனவரியில் ‘மேக்-2’ என்னும் கொள்முதல் முறை எளிதாக்கப்பட்டது. தொழில் நிறுவனங்களோ தனி நபர்களோ தாமாக முன்வந்து அளிக்கும் யோசனைகளையும் பரிசீலிக்க வழி பிறந்தது. புதுமையான தீர்வை ஒருவரே கொணர்ந்தாலும், ஒருவரே என்ற காரணத்தால் அதனைத் தள்ள வேண்டியதில்லை என்றும் வகுக்கப்பட்டது. இம்முறையில் மாதிரியைச் செய்யும் செலவு அளிப்பவருடையது.

அதே ஆண்டு ஏப்ரலில், சென்னைக்குத் தெற்கே திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புக் கண்காட்சியில் ‘ஐடெக்ஸ்’ திட்டம் தொடங்கியது. இதில் படைகள் தம் பிரச்சினைகளை அறிவித்துத் தீர்வு கேட்பது ஒரு வழி. கண்டுபிடிப்பாளர் தாமே ஒரு பயனைச் சுட்டி விண்ணப்பிக்கும் திறந்த போட்டி மற்றொரு வழி. தேர்ந்தெடுக்கப்பட்ட சிறு நிறுவனங்களுக்கு மாதிரி செய்ய 1.5 கோடி ரூபாய் வரை மானியம் வகுக்கப்பட்டது.

சட்டத்தின் காவல்

யோசனை களவு போகும் என்ற அச்சத்துக்கு 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் ஓரளவு விடை கூறுகிறது. பொதுவாக, முன்னரே வெளியிடப்பட்ட ஒன்றுக்குக் காப்புரிமை கிடையாது. ஆயின் ஒரு கண்டுபிடிப்பை ஆராயும்பொருட்டு அரசாங்கத்துக்குத் தெரிவித்த காரணத்தால் மட்டும் அதன் புதுமை கெட்டதாகாது என்று அச்சட்டத்தின் 30-ஆம் பிரிவு சொல்கிறது. மேலும், சுருக்கமான தற்காலிக விவரக்குறிப்பை முதலில் பதிவு செய்து, முழு விவரத்தை 12 மாதங்களுக்குள் அளிக்கலாம். ஆகவே முதலில் பதிவு, பிறகு கடிதம் என்பதே தக்க வரிசை. பாதுகாப்புக்குரிய கண்டுபிடிப்பை வெளியிடலாகாதென்று தடை விதிக்க 35-ஆம் பிரிவு இடந்தருகிறது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் செய்யக்கூடியவை

யோசனை உடையவருக்குப் பெரும்பாலும் எழுதும் பழக்கம் இராது. அங்கேதான் ஆசிரியரின் துணை வேண்டும். கடிதத்தில் நான்கு செய்திகள் தெளிவாக இருத்தல் நன்று: இப்போதுள்ள குறை யாது, புதிய பொருள் எவ்விதம் வேலை செய்கிறது, சோதனையில் கண்டது என்ன, செலவு எவ்வளவு.

இவற்றுள் சோதனையே தலையாயது. “துருப்பிடிக்காது” என்று எழுதுவதால் பயனில்லை. எத்தனை நாள் கடற்காற்றில் வைக்கப்பட்டது, பக்கத்தில் வைத்த பழைய பெட்டி என்ன ஆயிற்று என்று தேதியிட்ட குறிப்பு வேண்டும். ராணுவ மின்னணு உபகரணங்களை வெப்பம், ஈரம், உப்பு, பூஞ்சை ஆகியவற்றுக்கு உட்படுத்திப் பார்ப்பதற்கு ‘ஜே.எஸ்.எஸ். 55555’ என்னும் தர நிர்ணயம் உள்ளது. இத்தகைய குறிப்பேட்டை வைக்கக் களப்பணியாளர் உதவலாம்.

இலாகாவின் கடமையும் சிறிதன்று. வந்த கடிதத்துக்குத் தேதியிட்ட ரசீது, குறித்த காலத்துக்குள் முடிவு, மறுப்பாயின் அதற்குக் காரணம் ஆகிய மூன்றும் கிடைக்குமாயின், மறுக்கப்பட்டவர்கூடக் குறையைத் திருத்திக்கொண்டு மீண்டும் எழுதுவார். பதில் பெறாதவர் அடுத்த முறை எழுதவே மாட்டார்.