விலங்கும் கதையும்: வோல்ற்றன் போட்டின் ஓவியங்கள்

விலங்கினை மனிதன் இருவகையால் அறிகின்றான். கண்ணாற் கண்டு, அளந்து, பெயரிட்டு வகுப்பது ஒன்று. அச்சத்தாலும் வியப்பாலும் கதை புனைந்துகொள்வது மற்றொன்று. முன்னையது இயற்கை வரலாறு. பின்னையது புராணமும் நாட்டார் வழக்கும். இவ்விரண்டினையும் ஒரே தாளில் இணைத்துக் காட்டுபவர் அமெரிக்க ஓவியர் வோல்ற்றன் போட்.

1960இல் நியூயோக் மாநிலத்திற் பிறந்த இவர், பெருந்தாள்களில் நீர்வண்ணத்தால் வரைபவர். இவர் மேற்கொண்ட நடை ஓடுபனுடையது. 1827 தொடக்கம் 1838 வரை வெளிவந்த ‘அமெரிக்கப் பறவைகள்’ என்னும் நூலில், 435 படங்களாகப் பறவைகளை அவற்றின் உண்மையளவிலே தந்தவர் ஓடுபன். அப்படங்களைப் போன்றே போட்டின் ஓவியங்களிலும் இறகும் மயிரும் நுணுக்கமாய் அமையும்; ஓரங்களிற் கையெழுத்துக் குறிப்புக்கள் காணப்படும். முதற்பார்வையில் அவை பழைய அறிவியற் படங்களெனவே தோன்றும். கூர்ந்து நோக்குவார்க்கே உள்ளுறைந்த கதை புலப்படும். தம் ஓவியத் தொகுதி நூலுக்கு அவர் ‘பஞ்சதந்திரம்’ எனப் பெயரிட்டமையும் இக்கருத்துக்கு அரண் செய்வதாகும்.

‘லிஸ்பன் காண்டாமிருகத்தின் இழப்பு’ என்னும் ஓவியத்தை நோக்குவோம். குஜராத்திலிருந்து அனுப்பப்பட்ட காண்டாமிருகமொன்று 1515இல் லிஸ்பனை அடைந்தது. போர்த்துக்கல் மன்னர் மனுவேல் அதனைப் பாப்பரசர் பத்தாம் லியோவுக்குப் பரிசாக அனுப்பினார். 1516இல் இத்தாலிக் கரையருகே கப்பல் மூழ்க, பிணிக்கப்பட்டிருந்த விலங்கும் மாண்டது. அதனைக் கண்ணாற் காணாத ஜேர்மானிய ஓவியர் டியூரர், பிறர் தந்த குறிப்பைக்கொண்டு, கவசம் பூண்டதுபோன்ற ஓர் உருவத்தை மரச்செதுக்கில் அமைத்தார். பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஐரோப்பியர் பலர் அதனையே மெய்யுருவெனக் கொண்டனர். அறிவியற் படமெனப் போற்றப்பட்டதும் ஒருபாற் கதையே என்பது இதனாற் பெறப்படும். போட் வரைந்ததோ, மூழ்குங் கப்பலின் தளத்தில் அலைகளிடையே அல்லலுறும் உயிரினை.

கதை மயக்குவதோடு அமையாது, கொல்லவும் வல்லது. 2009இல் வரைந்த ‘தீவு’ என்னும் ஓவியத்தில், தாஸ்மேனியப் புலிகளும் ஆடுகளும் ஒன்றோடொன்று பின்னிப் பெருங்குவியலாய்க் கிடக்கின்றன. வயிற்றிற் பையுடைய இம்முலையூட்டியைக் குடியேறிய ஐரோப்பியர் ஆட்டு மந்தைகளின் கொடும் பகையெனக் கருதினர். அது இரத்தம் குடிப்பதென்ற கதையும் பரவிற்று. 1888 தொடக்கம் 1909 வரை, கொன்ற புலி ஒவ்வொன்றுக்கும் அரசு பணம் வழங்கியது. இவ்வாறு ஈராயிரத்துக்கு மேற்பட்டவற்றுக்குப் பணம் கொடுக்கப்பட்டது. 1936 யூலையிற் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 7ஆந் திகதி, அறியப்பட்ட இறுதிப் புலி ஹோபாட் விலங்குக்காட்சிச் சாலையில் இறந்தது. ஓவியத்திற் காண்பது புலியின் இயல்பன்று. அதனைக் கொன்றோர் நெஞ்சில் வாழ்ந்த புலியே அது.

எனவே, போட் புராணத்தை இகழ்ந்தாரென்றோ அறிவியலைப் பழித்தாரென்றோ கொள்ளுதல் பொருந்தாது. கதையைக் கதையென உணர்ந்து சுவைப்பதிற் குற்றமில்லை. அதனை விலங்கின்மேல் ஏற்றி, அதன்பொருட்டு அவ்விலங்கையே தண்டிப்பதுதான் குற்றம். கதை நிலைத்துவிட்டது, அதற்குரிய உயிர் மறைந்துவிட்டது. இவ்வுண்மையைக் கண்முன் நிறுத்துவதே அவ்வோவியங்களின் பயன் எனலாம்.