காசு கேட்காத ஆட்டங்கள்

தாராவியிலும் செம்பூரிலும் அறையெடுத்துத் தங்கியுள்ள நம்மவர் பலருக்கு, வேலை முடிந்தால் கைபேசியே துணை. பிரவுசரில் ஆட்டம் தேடுவோர், அது காசு கேட்கிறதா என்பதை முதலில் பார்ப்பது நல்லது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. ரம்மியில் சம்பளத்தைத் தொலைத்துவிட்டு ஊருக்குப் பணம் அனுப்ப வழியின்றி விழித்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

சதுரங்கப் பிரியர்களுக்கு 'லிசெஸ்' இருக்கிறது. பிரான்சு நாட்டுக்காரர் ஒருவர் 2010இல் தொடங்கியது, நன்கொடையில் நடக்கிறது. கட்டணமில்லை, விளம்பரமுமில்லை. பெயர் பதியாமலே ஆடலாம். மூன்று நிமிட ஆட்டமென்றால், தாதரில் ஏறித் தாணே இறங்குவதற்குள் நாலைந்து முடியும், நிற்க இடம் கிடைத்தால்!

பழைய 'பிளாஷ்' ஆட்டங்களைத் தேடுவோர் கவனிக்க: அந்த மென்பொருளுக்கான ஆதரவு 2020 டிசம்பரோடு நின்றுவிட்டது. அதை இறக்கிக்கொள்ளச் சொல்லும் தளத்தை உடனே மூடிவிடுங்கள்.