மண்டைதீவுக் கரையில் கருவி எதைக் கேட்கும்?

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மிச்சம் உடையவனுக்கு. சரக்கு ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் சரிபாதி. பிறதேசத்தார் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்கவேண்டும் என்றும் அது சொல்கிறது. கப்பலே உடையாத கடலுக்கு இப்படியொரு சட்டம் தேவைப்பட்டிராது.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் தீவகத்துக்குள் போகும்போது, மண்டைதீவுச் சந்தியைத் தாண்டினால் அல்லைப்பிட்டி. அங்கே 1970களின் பிற்பகுதியில் தொல்லியலாளர் ஜோன் காஸ்வெல் சீனச் சொங் வம்சக் காலத்து மட்பாண்ட ஓடுகளை வெளிக்கொணர்ந்தார். 2018இல் ஷாங்ஹாய் அருங்காட்சியகமும் இலங்கையின் மத்திய கலாசார நிதியமும் அதே இடத்தை மறுபடி ஆராய்ந்தன. கல்வெட்டு சொல்லும் வணிகத்தின் கைதொடும் சாட்சி அந்த ஓடுகள்.

இந்தக் கடலோரத்தில் உலோகம் கண்டறியும் கருவியோடு ஒருவர் நடந்தால் என்ன கிடைக்கும்? வெளிநாட்டுக் கடற்கரைகளில் காதில் கேட்பொறி மாட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் கருவியை வீசி நடப்போரைக் காணொளிகளில் பார்த்துவிட்டு, நம் இளைஞர்களுக்கும் இந்த ஆசை வருகிறது.

கருவியின் அடியில் இருப்பது கம்பிச்சுருள். அதில் மாறும் மின்னோட்டம் பாயும்போது காந்தப்புலமும் மாறிக்கொண்டே இருக்கும். மணலுக்குள் கிடக்கும் செப்புக் காசில் அது சிறு சுழல் மின்னோட்டங்களை எழுப்பும். அந்த ஓட்டம் உண்டாக்கும் எதிர்க் காந்தப்புலத்தைச் சுருள் உணர்ந்ததும் ஒலி எழும். தோட்டத்தில் இது எளிது. கடலில்தான் சிக்கல், ஏனென்றால் உப்புத் தண்ணீரும் மின்கடத்தி. செம்பு அதைவிட ஏறக்குறைய ஒரு கோடி மடங்கு நன்றாகக் கடத்தும். ஆனால் காசு சிறியது, தண்ணீரோ சுருளைச் சுற்றி எங்கும் நிற்கிறது. அலை ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் கருவி வீணாகக் கத்தும்.

இதற்குக் கண்ட வழி துடிப்பு முறை. மின்னோட்டத்தைச் சட்டென்று செலுத்திச் சட்டென்று நிறுத்துவார்கள். தண்ணீரில் எழுந்த ஓட்டம் செக்கனின் லட்சத்தில் ஓரிரு பங்கு நேரத்தில் அடங்கிவிடும். உலோகத்தில் எழுந்தது இன்னும் கொஞ்சம் நீடிக்கும். தண்ணீர் அடங்கும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகே கருவி காது கொடுக்கும். இந்த முறையின் குறை, கிடைத்தது வெள்ளியா துருப்பிடித்த ஆணியா என்று அதற்கு நன்றாகப் பிரித்துச் சொல்லத் தெரியாது. காசளவு பொருளென்றால் ஒரு சாண், மிஞ்சினால் ஓரடி ஆழம்தான் எட்டும். யாழ்ப்பாணத்து மணலில் ஒரு சாதகம் உண்டு. தீவகம் சுண்ணாம்புக்கல் நிலம். புல்மோட்டைக் கறுப்பு மணல்போல இரும்புக் கனிமம் கலந்து கருவியைக் குழப்பாது.

கடலும் தன் பங்குக்கு வேலை செய்கிறது. சுளகில் கொழிப்பதுபோல அலை பாரமானதையும் இலேசானதையும் பிரிக்கிறது. மணலின் அடர்த்தி சுமார் 2.7, வெள்ளி 10.5, ஈயம் 11.3, பொன் 19.3. பாரமானவை ஒவ்வொரு கலக்கலிலும் கீழே இறங்கி, களியிலோ சுண்ணாம்புப் பாறையிலோ போய்த் தங்கும். அலுமினியத்தின் அடர்த்தியும் 2.7தான். அதனால் சோடாப் பேணியின் அலுமினிய மூடி மணலோடு மணலாக மேலேயே உருளும். வாடைக்காற்றுக் காலத்தில் கரை அரிபட்டு மேல்மணல் போனபிறகே அடியில் கிடப்பது கருவிக்கு எட்டும்.

மண்டைதீவில் அப்படி எட்டுவது பெரும்பாலும் பழைய காசாக இராது. இது போர் கண்ட நிலம். 1995 ஜூன் 28 அன்று இங்கிருந்த இராணுவ முகாம் தாக்கப்பட்டது. இங்கே கருவி எழுப்பும் ஒலி ரவைக் கோதாகவோ எறிகணைச் சிதறலாகவோ, வெடிக்காமல் போன எறிகணையாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். பொழுதுபோக்காக இந்தக் கருவியோடு இங்கே யாரும் இறங்கக்கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

கையில் கொண்டுசெல்லும் கருவி பரவலானதே மிதிவெடிகளால். போலந்து அதிகாரி யோசெஃப் கொசாட்ஸ்கி உருவாக்கிய கருவியை 1942இல் எல் அலமெய்ன் பாலைவனத்தில் பயன்படுத்தினார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் முகமாலையில் மிதிவெடி அகற்றியவர்களின் வேலை அதைவிடக் கடினம். அங்கே புதைத்திருந்த பி4 வகை மிதிவெடியின் உடல் பிளாஸ்டிக். உலோகமென்று அதில் இருப்பது ஊசியளவு அடிமுள்ளும் சிறு சில்லறைப் பாகங்களும்தான். அதைக் கேட்கும்படி கருவியைக் கூர்மையாக்கினால் ஒவ்வொரு ஆணிக்கும் ஒலி எழும். ஒவ்வொரு ஒலிக்கும் முழங்காலிட்டு, பக்கவாட்டிலிருந்து மண்ணைச் சுரண்டிப் பார்த்துத்தான் அடுத்த அடி வைக்கவேண்டும்.

புதையல் ஆசைக்குச் சட்டத்திலும் இடமில்லை. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, காணி யாருடையதானாலும் கண்டெடுக்கப்படாத தொல்பொருள் அரசின் சொத்து. அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். இந்தக் கண்டிப்பு நியாயமானது. தென்கடலின் கிரேட் பாஸஸ் பாறைத்தொடரில் 1961இல் ஆர்தர் சி. கிளார்க்கின் சகபாடி மைக் வில்சனும் உடன் சுழியோடியவர்களும் கண்ட வெள்ளி ரூபாய்களை நினைத்துப் பாருங்கள். ஔரங்கசீப் காலத்தில், 1702இல், சூரத்தில் அச்சிட்ட காசுகள். அவை சாக்குப் பையின் வடிவிலேயே ஒன்றோடொன்று இறுகிக் கட்டியாகிக் கிடந்தன. பை உக்கிப்போனாலும் வடிவம் நின்றது. புழக்கத்தில் தேயாத ஒரே வருடத்துக் காசுகள் ஒரே கட்டியாகக் கிடந்ததால்தான் அவை ஒரு கப்பல் சுமந்த பணம் என்று தெரிந்தது. உடைத்து ஒவ்வொன்றாக விற்றிருந்தால் இந்தச் செய்தி போயிருக்கும். அல்லைப்பிட்டி ஓடுகளோ கருவிக்குக் கேட்கவே கேட்காது. உலோகத்துக்காகக் குழி பறிப்பவன் அவற்றைக் கல்லென்று வீசிவிடுவான்.

கரையில் நடக்கும்போது நந்தியும் ‘சேது’ என்ற எழுத்தும் பொறித்த யாழ்ப்பாண மன்னர் காலத்துச் செப்புக் காசு தற்செயலாகக் கண்ணில் படலாம். கிடந்த இடத்தோடு சேர்த்துப் படம் எடுங்கள். தேசிக்காய் போட்டுத் தேய்க்காதீர்கள். பச்சைப் படலத்தோடு எழுத்தும் போய்விடும். காசுக்குள் ஊறிய கடலுப்பு, காய்ந்தபின் காற்றின் ஈரம் பட்டுச் செம்பை உள்ளிருந்தே அரிக்கும். ஆகவே தொல்பொருள் திணைக்களத்திடமோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திடமோ ஒப்படைக்கும்வரை அதை ஈரம் காயாமல் வைத்திருங்கள். என்னவென்று தெரியாத உலோகமாக இருந்தால் தொடாமல் பொலிஸுக்குச் சொல்லுங்கள்.